ரயில் நிலையத்துக்கு எதற்கு மயிலும் சிங்கமும்? மும்பை சி.எஸ்.எம்.டி. முகப்பை வாசிப்பது எப்படி

2022 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை மூன்று ரயில் நிலையங்களைச் சுமார் 10,000 கோடி ரூபாயில் மறுசீரமைக்க ஒப்புதல் கொடுத்தது. புது டெல்லி, அகமதாபாத், அப்புறம் மும்பை சி.எஸ்.எம்.டி., அதாவது சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ். முதல் இரண்டைப் பற்றிப் பெரிதாக யாருக்கும் குழப்பம் இல்லை. மூன்றாவது 2004 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது என்பதால் உடனே இரண்டு கேள்விகள் எழுகின்றன. பாரம்பரியக் கட்டடத்தில் எதை இடிப்பார்கள், எதைக் கட்டுவார்கள்? ரயில் ஏறி இறங்குகிற இடத்துக்கு இத்தனை சிலையும் வேலைப்பாடும் முதலில் எதற்கு வைத்தார்கள்?

இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிந்தால் முதல் கேள்வி பாதி தீர்ந்துவிடும். அந்த அலங்காரம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்த்தாலே போதும்.

சொற்களை முதலில் சரிசெய்து கொள்வோம்

1. விக்டோரியன்: இது ஒரு பாணியின் பெயர் கிடையாது, காலத்தின் பெயர். விக்டோரியா ராணி ஆட்சியில் இருந்த 1837 முதல் 1901 வரை கட்டப்பட்ட எதுவும் விக்டோரியன்தான். லண்டனில் கிங்ஸ் கிராஸ், செயின்ட் பாங்க்ரஸ் என்று இரண்டு நிலையங்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று மொட்டைச் செங்கல் சுவர், இன்னொன்று ஊசிக் கோபுரங்களோடு அரண்மனை மாதிரி. இரண்டும் விக்டோரியன்.

2. கோதிக் மறுமலர்ச்சி: இதுதான் பாணி. ஐரோப்பாவின் இடைக்காலத் தேவாலயங்களில் இருந்த கூர்மையான வளைவு, விலா எலும்பு போல எழும் கூரை வரிகள், கொத்துக் கொத்தான சிறு கோபுரங்கள் இவற்றை 19-ஆம் நூற்றாண்டில் மறுபடி எடுத்துக் கட்டியது. இங்கிலாந்துக்காரர்கள் அதோடு நிற்கவில்லை. வெனிஸ் போன்ற இத்தாலிய நகரங்களிலிருந்து நிறம் மாற்றி மாற்றி அடுக்கிய கற்களையும், வரிசையாகச் சிறு தூண்கள் வைத்த திறந்த தாழ்வாரங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். மும்பை நிலையம் பெரும்பாலும் இந்த இத்தாலிய வழியில் வந்தது.

3. கார்காயில்: கூரைத் தண்ணீரைச் சுவரில் படாமல் தள்ளிக் கொட்டும் கல் விலங்கு. நம் கோயிலில் கருவறைத் தண்ணீர் வெளியேறும் கோமுகை இருக்கிறதே, அதே வேலைதான். வாயில் தண்ணீர் வராத விலங்கு கார்காயில் ஆகாது, அது யாளி மாதிரி வெறும் உருவம். இந்த வித்தியாசம் பராமரிப்பில் பெரிய விஷயம், பின்னால் வருகிறேன்.

4. கொட்டகை: தண்டவாளத்துக்கும் நடைமேடைக்கும் மேலே இருக்கும் இரும்புக் கூரை. ரயில்வேக்காரர்களும் இதை ஷெட் என்றுதான் சொல்வார்கள்.

ஒரு நிலையம், இரண்டு கட்டடம்

விக்டோரியன் கால முனையங்களில் பெரியவை பலவும் உண்மையில் ஒட்டிப் பிறந்த இரண்டு கட்டடங்கள். பின்னால் கொட்டகை, அது பொறியாளரின் வேலை. முன்னால் கல் கட்டடம், அது கட்டடக் கலைஞரின் வேலை. இரண்டுக்கும் வேறு ஆள், வேறு கணக்கு, வேறு நோக்கம்.

செயின்ட் பாங்க்ரஸில் இது அப்பட்டமாகத் தெரியும். கொட்டகையை வடிவமைத்தவர் வில்லியம் ஹென்றி பார்லோ. 1868-இல் திறந்தபோது 73 மீட்டர் அகலத்தை நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் ஒரே வளைவில் தாண்டியது, அந்தக் காலத்தில் உலகத்திலேயே பெரிய ஒற்றை வளைவுக் கூரை. அதன் முன்னால் இருக்கும் சிவப்புக் கோதிக் மாளிகை நிலையமே கிடையாது, ரயில் கம்பெனி நடத்திய ஹோட்டல். கட்டியவர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட், திறந்தது 1873-இல். ஊசிக் கோபுரமும் செதுக்கலும் எல்லாம் ஹோட்டலில்தான். பக்கத்துக் கிங்ஸ் கிராஸில் 1852-இலேயே லூயிஸ் க்யூபிட் வேறு வழி போயிருந்தார்: இரண்டு கொட்டகை வளைவுகளையும் அப்படியே முகப்பில் தெரியவிட்டு நடுவில் ஒரு கடிகாரம் வைத்தார், வேலை முடிந்தது.

மும்பையில் முன் கட்டடம் ஹோட்டல் இல்லை, ஆபீஸ். கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயின் தலைமை அலுவலகம். 1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு 34 கிலோமீட்டர் ஓடிய இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்தக் கம்பெனியுடையது. அந்தப் போரி பந்தர்ப் பகுதியில்தான் 1878-இல் புதுக் கட்டட வேலை தொடங்கியது. வடிவமைப்பு பிரெடரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ். வேலைக்கு முன் பல மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு ஐரோப்பாவின் நிலையங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். 1887-இல் ராணியின் பொன்விழாவை ஒட்டி விக்டோரியா டெர்மினஸ் என்று பெயர் வைத்தார்கள். வேலை முழுக்க முடிய 1888 ஆகிவிட்டது. 1996-இல் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ஆனது, 2017-இல் "மகாராஜ்" சேர்ந்தது. பழைய மும்பைக்காரர்கள் வாயில் இன்றும் வி.டி.தான்.

ரயில் ஏற வருகிறவர்கள் பார்க்கும் கொட்டகையில் சிற்பம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. சிற்பம் எல்லாம் எழுத்தரும் கணக்கரும் பொறியாளரும் உட்கார்ந்த ஆபீஸின் மேல். ஸ்டீவன்ஸே பிற்பாடு இதை இன்னும் தெளிவாகக் காட்டினார். மும்பை சர்ச்கேட்டில் எதிர்க் கம்பெனியான பாம்பே பரோடா ரயில்வேக்கு 1899-இல் அவர் முடித்த குவிமாடக் கட்டடம் அலுவலகம் மட்டும்தான். எதிரில் இருக்கும் ரயில் நிலையத்துக்கு அந்த மாதிரி எந்த அலங்காரமும் வாய்க்கவில்லை.

பணம் யாருடையது

சுமார் 16 லட்சம் ரூபாய் செலவானது. அன்றைக்கு மிகப் பெரிய தொகை. ஒரு தனியார் கம்பெனி இவ்வளவு தாராளமாக இருக்க முடிந்ததற்குப் பின்னணியில் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. 1849-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்த ரயில் கம்பெனியின் முதலீட்டுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வட்டி உத்தரவாதம் கொடுத்தது. வருமானம் குறைந்தால் பற்றாக்குறை இந்திய வருவாயிலிருந்து, அதாவது இங்கே வரி கட்டுகிறவர்கள் பணத்திலிருந்து. லண்டன் பங்குதாரருக்கு நஷ்டம் வர வழியே இல்லை என்றால் செலவைக் குறைக்கும் அவசரமும் இருக்காது. இந்த ஒப்பந்த முறையைப் பற்றி அந்தக் காலத்திலேயே கடுமையான விமர்சனம் இருந்தது. இந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு செதுக்கலுக்கும் அதுதான் நேரடிக் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் "கம்பெனி தன் சொந்தக் காசில் அழகு பார்த்தது" என்ற கதையை நம்புவதற்கு முன் அந்த 5 சதவீதம் நினைவில் இருக்கட்டும்.

ஊரின் நேரமும் ஒத்துவந்தது. 1860-களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பம்பாய்ப் பருத்திக்கு ஏகப்பட்ட கிராக்கி, ஊரில் பணம் புரண்டது. ஆளுநர் பார்ட்டில் ஃபிரேர் கோட்டைச் சுவரை இடித்து இடம் திறந்துவிட்டார். பல்கலைக்கழகம், உயர் நீதிமன்றம் என்று வரிசையாகக் கோதிக் கட்டடங்கள் எழுந்தன. ரயில் கம்பெனி மட்டும் ஓட்டுக் கட்டடத்தில் இருக்குமா?

முகப்பில் யார் யார் இருக்கிறார்கள்

நிலையத்துக்கு எதிரே உள்ள நகர் சவுக் சந்திப்பில், மாநகராட்சிக் கட்டடத்தின் பக்கம் நின்று (அதுவும் ஸ்டீவன்ஸ் கட்டியதுதான், 1893) மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரலாம்.

உச்சியில் எண்கோணக் குவிமாடம், அதன்மேல் ஒரு பெண் சிலை. ஒரு கையில் உயர்த்திய தீப்பந்தம், இன்னொரு கை ஆரம் வைத்த சக்கரத்தின் மேல். இதை விக்டோரியா ராணி என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். கிடையாது, இது "முன்னேற்றம்" என்ற கருத்துக்கு வைத்த உருவம். செதுக்கியவர் லண்டன் சிற்பி தாமஸ் ஏர்ப். ராணி இருந்தது கொஞ்சம் கீழே, கடிகாரத்துக்கு அடியில் உள்ள மாடத்தில். சுதந்திரத்துக்குப் பிறகு அந்தச் சிலையை எடுத்துவிட்டார்கள். ராணிக்கு அளந்து வெட்டிய மாடம் மட்டும் காலியாக இருக்கிறது, என்னைக் கேட்டால் முகப்பில் அதிகம் பேசுவது அந்த வெற்றிடம்தான்.

அதற்கும் கீழே, இரண்டு பக்கமும் முக்கோண முகப்புகளின் தலையில் வேளாண்மை, வணிகம், பொறியியல் இவற்றை ஆட்களாக உருவகித்த சிலைகள். ரயில் எதைச் சுமந்து எதை வளர்க்கும் என்று கம்பெனி சொல்லிக்கொண்ட விளம்பரம் இது, இன்றைக்கு என்றால் பேனராக வைத்திருப்பார்கள். வாசல் தூண்களில் ஒரு பக்கம் சிங்கம், இன்னொரு பக்கம் புலி. சிங்கம் பிரிட்டன், புலி இந்தியா. இரண்டும் சம உயரத் தூண்களில் சமமாக உட்கார்ந்திருக்கின்றன, 1887-இல் நிஜத்தில் அப்படி இல்லை என்பது செதுக்கியவருக்கும் தெரிந்திருக்கும்.

சுவரில் வட்டத்துக்குள் செதுக்கிய தலைகள்தான் எனக்குப் பிடித்தவை. கம்பெனியோடு தொடர்புள்ள பெரிய மனிதர்கள். எல்லாம் வெள்ளைக்காரர்கள் என்று நினைத்துப் போனால் நடுவில் இரண்டு பேர் தலைப்பாகையோடு இருக்கிறார்கள்: பார்சி வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய், மராத்தியர் ஜகந்நாத் சங்கர்சேட். பம்பாய்க்கு ரயில் வரவேண்டும் என்று 1840-களிலேயே முனைந்தவர்கள். கட்டட வேலை தொடங்கும்போது இருவரும் உயிரோடு இல்லை. அந்த ஜீஜீபாய் ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து உருவான ஓவியப் பள்ளியின் மாணவர்கள் இந்தக் கட்டடத்தில் என்ன செய்தார்கள் என்பது அடுத்த பகுதி.

உளி யார் கையில்

சர் ஜே.ஜே. ஓவியப் பள்ளி 1857-இல் தொடங்கியது. 1865-இல் அங்கே வந்த லாக்வுட் கிப்ளிங் கட்டடச் சிற்பத்தைப் பாடமாகவே கற்பித்தார். 1875-இல் அவர் லாகூருக்குப் போய்விட, ரயில் நிலைய வேலை நடந்தபோது பொறுப்பில் இருந்தவர் ஜான் கிரிஃபித்ஸ். மர வேலைப்பாடு, தரை ஓடுகள், டிக்கெட் கவுண்டர் கம்பித் தடுப்பு, படிக்கட்டின் இரும்பு, பித்தளைக் கைப்பிடி என்று அலங்காரத்தில் பெரும்பகுதி அந்தப் பள்ளி மாணவர்கள் செய்தது.

இதே கிரிஃபித்ஸ் 1872 முதல் 1885 வரை மாணவர்களை அஜந்தாவுக்குக் கூட்டிப்போய் குகை ஓவியங்களைப் படியெடுத்துக்கொண்டிருந்தார். அதாவது குகையில் ஓவியம் பார்த்துப் பழகிக்கொண்டிருந்த அதே காலத்தில் அதே பள்ளி ரயில் நிலையத்துக்கும் வேலை செய்தது. ஐரோப்பியக் கோதிக்கில் ஓக் இலையும் நாய்த்தலையும் வரும் இடத்தில் இங்கே மயிலும் குரங்கும் பாம்பும் நம்மூர் இலைக்கொடியும் ஏறியது எப்படி என்று புரிகிறதா? ஒரு வளைவின் நெற்றியில் மயில் தோகையை முழுக்க விரித்து அந்த அரைவட்டத்தை அப்படியே நிரப்பி நிற்கிறது. அரைவட்ட இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான உருவம் கிடைக்காது, விசிறித் தோகையின் வடிவமே வளைவின் வடிவம். இத்தாலிய வளைவில் இந்திய மயிலை "ஒட்டவைத்தார்கள்" என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை, இடம் பார்த்து உட்காரவைத்திருக்கிறார்கள்.

உள்ளே போனால் வடக்குப் பகுதியின் தரைத்தளத்தில் "நட்சத்திர அறை". பெயர் கேட்டால் ஏதோ தர்பார் மண்டபம் போல இருக்கும், ஆனால் டிக்கெட் கொடுக்கும் கூடம். இத்தாலியப் பளிங்குத் தூண்கள், மெருகேற்றிய நீல நிறக் கல், மேலே நட்சத்திரம் பதித்த விதானம். பயணிக்குக் கிடைத்த அலங்காரத்தில் சிறந்தது இங்கேதான். தாணே லோக்கலுக்கு வரிசையில் நிற்பவர் தலைக்கு மேலே இருப்பது இது, அண்ணாந்து பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

வேடிக்கை என்னவென்றால், இதையெல்லாம் முன்கூட்டியே திட்டியவர் ஆங்கிலேயக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின். வெனிஸ் கோதிக்கை இங்கிலாந்தில் பரவலாக்கியதே அவர் எழுத்துதான், அந்த வகையில் வி.டி.க்கு அவர் ஒரு தாத்தா முறை. அவரே 1849-இல், ரயில் நிலையத்தில் இருப்பவன் அவசரத்திலும் எரிச்சலிலும் இருப்பான், அவனுக்கு எதற்கு அழகு, நிலையத்தை அலங்கரிப்பதைவிட அந்தத் தங்கத்தைத் தண்டவாளக் கரையில் புதைத்துவிடலாம் என்கிற அர்த்தத்தில் எழுதிவிட்டார். நட்சத்திர அறை வரிசையைப் பார்த்தால் ஆள் சொன்னதில் பாதி உண்மை என்றுதான் தோன்றும்.

வேலை செய்கிற அலங்காரம்

எல்லாமே பார்வைக்கு என்று நினைத்துவிட வேண்டாம். முகப்பில் அடுக்கடுக்காக ஓடும் வளைவுத் தாழ்வாரங்கள் மாலை வெயிலை உள்ளறைக்கு விடாமல் தடுக்கின்றன, மழைச் சாரலையும்தான். உயரமான கூரையும் உயரத்தில் வைத்த ஜன்னல்களும் சூடான காற்றை மேலே ஏற்றி வெளியே விடுகின்றன. மின்விசிறி இல்லாத காலத்து ஆபீஸ். குவிமாடத்துக்கு அடியில் பெரிய படிக்கட்டு ஒன்று சுவரிலிருந்தே நீண்டு மேலே போகிறது, கீழே தாங்குவதற்குத் தூண் இல்லை, குவிமாடத்தின் ஜன்னல் வெளிச்சம் அதன் வழியே கீழ்வரை இறங்குகிறது. கார்காயில்கள் வேலையை முன்பே சொன்னேன். மும்பை மழைக்கு அவை அத்தியாவசியம்.

நம் பக்கம்

சென்னை சென்ட்ரலும் விக்டோரியன்தான், ஆனால் அடக்கமான வகை. ஜார்ஜ் ஹார்டிங் 1873-இல் வடிவமைத்ததை ராபர்ட் சிஷோல்ம் மாற்றினார், மணிக்கூண்டும் கோபுரத் தொப்பிகளும் அவர் கை. எழும்பூர் நிலையத்தை விக்டோரியன் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள், கணக்குப்படி தவறு: ஹென்றி இர்வின் வடிவமைத்து, ஒப்பந்தக்காரர் சாமிநாத பிள்ளை கட்டி, 1908-இல் திறந்தது. ராணி இறந்து ஏழு வருஷம் ஆகிவிட்டது. பாணியும் இந்தோ சாரசனிக், அதாவது இந்திய, இஸ்லாமிய வடிவங்களை ஐரோப்பியக் கட்டட முறையோடு கலந்தது. அங்கேயும் 2022 மே மாதம் மறுசீரமைப்புக்கு அடிக்கல் நாட்டினார்கள் என்பதால் கீழே சொல்லப்போவது எழும்பூருக்கும் பொருந்தும்.

சரி, இப்போது எதைக் கவனிக்க வேண்டும்

கொட்டகையும் ஆபீஸும் வேறு வேறு என்று பிடிபட்டால் "யுனெஸ்கோ கட்டடத்தை இடிக்கிறார்களா" என்பதையும் பிரித்துக் கேட்கலாம். நடைமேடைப் பகுதி ஏற்கெனவே பலமுறை மாறிவிட்டது: ஆரம்பத்தில் 9 நடைமேடை, 1929-இல் 13, இன்று 18. அங்கே புதுக் கூரை வருவது புதிய விஷயம் இல்லை. கல் கட்டடம் இன்றும் மத்திய ரயில்வேயின் தலைமையகம். ஆபத்து அதற்கு வேறு வடிவத்தில் வரும்:

1. உயரம். பின்னால் எழும் புதுக் கட்டடம் குவிமாடத்துக்குப் பின்னால் தலை நீட்டினால், ஒரு கல்லைக்கூடத் தொடாமலே முகப்பு கெட்டுவிடும். வானத்தின் பின்னணியில் தெரிவதற்காகச் செய்த உருவம் அது. பட்டியலிட்ட இடத்தைச் சுற்றி யுனெஸ்கோ ஒரு காப்பு வளையம் கேட்பது இதனால்தான்.

2. கல். மும்பையில் கருங்கல் கடினம், நுணுக்கமாகச் செதுக்க வராது, அதனால் செதுக்கலுக்குச் சுண்ணாம்புக்கல் போன்ற மென்மையான கற்களைத்தான் அதிகம் நம்பினார்கள். உளிக்கு இளகும் கல் உப்புக் காற்றுக்கும் வண்டிப் புகைக்கும் இளகும். முதலில் போவது மூக்கும் இலை நுனியும்தான். கறுப்பாக இருக்கிறதே என்று மணலை அடித்துச் சுத்தம் செய்தால் கறுப்போடு செதுக்கலும் போய்விடும்.

3. சிமெண்ட். அந்தக் காலத்துக் கல் சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை, அந்தக் காரை ஈரத்தை வெளியே விடும். விரிசலில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிக் கல் வழியாகவே வர, உள்ளே சேர்ந்த உப்பு கல்லின் முகத்தை உரித்துவிடும்.

4. தண்ணீர். கார்காயிலின் தொண்டை இலையும் புறா எச்சமும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் கூரைத் தண்ணீர் சுவருக்குள் இறங்கும், அடுத்த மழைக்குள் இடுக்கில் அரசமரம் முளைக்கும், அதன் வேர் பாளம் பாளமாகக் கல்லைப் பிளக்கும். "அலங்காரம்" என்று பெயர் வைத்துவிட்டதால் பராமரிப்புப் பட்டியலில் இது கடைசியில் போய்விடக்கூடாது, வடிகால் கணக்கில் வரவேண்டியது.

திட்ட வரைபடம் கையில் கிடைத்தால் வண்ணப் படங்களை ஒதுக்கிவிட்டு நகர் சவுக்கிலிருந்து பார்க்கும் முன்தோற்ற வரைபடத்தை (எலிவேஷன்) முதலில் தேடுங்கள். புதுக் கட்டடத்தின் உச்சிக் கோடும் குவிமாடத்தின் கோடும் அதில் ஒன்றுக்கொன்று எங்கே நிற்கின்றன என்று ஒரு ஸ்கேலை வைத்தே பார்த்துவிடலாம்.